ஏழு ஆண்டுகள் காத்திருந்த அட்டவணை: போருக்குப் பின் இங்கிலாந்து உதைபந்தாட்டம் எழுந்த கதை

லிவர்பூலா, மன்செஸ்டர் யுனைட்டட்டா என்ற வாக்குவாதம் எலுவன்குளத்துக்கும் புதிதல்ல. கலா ஓயாவின் கரையில், வில்பத்துக் காட்டின் ஓரத்தில் இருக்கும் இந்த ஊரிலும் சனி, ஞாயிறு இரவுகளில் இளைஞர்கள் கைத்தொலைபேசியைச் சுற்றிக் கூடித்தான் ஆட்டம் பார்க்கிறார்கள். எந்த வீரருக்கு எத்தனை கோடி, எந்த முகாமையாளர் எப்போது விலக்கப்பட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், அந்த இரண்டு கழகங்களும் போரில் சிதைந்த நகரங்களிலிருந்து எழுந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்தில் நடந்த முதலாவது முழுமையான லீக் பருவம் 1946–47. நான்கு கழகங்கள் இரண்டே இரண்டு புள்ளி இடைவெளிக்குள் முடித்த பருவம் அது. சம்பியன் யார் என்பது ஜூன் 14ஆம் திகதி வரை தெரியவில்லை. போரைக் கடந்து வந்த நமக்கு அந்தப் பருவத்தில் கோல்களைத் தவிரவும் பார்ப்பதற்குச் சில விடயங்கள் இருக்கின்றன. அறுந்துபோன ஒரு வாழ்க்கையை மறுபடி தொடங்க என்னென்ன தேவை, தொடங்கும்போது யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்ற கேள்விகள் அவை.

மூன்று ஆட்டங்களோடு நின்ற பருவம்

1939 ஓகஸ்ட் 26இல் இங்கிலாந்தின் லீக் பருவம் வழமைபோலத் தொடங்கியது. செப்ரெம்பர் 3இல் ஜேர்மனி மீது பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்தது. அதற்குள் பெரும்பாலான கழகங்கள் மூன்று ஆட்டங்களை ஆடியிருந்தன. லீக் அத்தோடு நிறுத்தப்பட்டது, அந்த ஆட்டங்களின் முடிவுகளும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. போர்க்காலம் முழுவதும் பிராந்திய அளவிலான ஆட்டங்கள் நடந்தன. எந்த ஊரில் ஒருவர் படைச்சேவையில் இருந்தாரோ, அந்த ஊர்க் கழகத்துக்கு விருந்தாளி வீரராக ஆடுவார். புள்ளிப்பட்டியல் இருந்தாலும் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1946 ஓகஸ்ட் 31இல் லீக் மீண்டும் தொடங்கியது. அப்போது நிர்வாகிகள் புதிய அட்டவணை ஒன்றைத் தயாரிக்கவில்லை. 1939இல் கைவிடப்பட்ட அதே அட்டவணையை எடுத்து, திகதிகளை மட்டும் மாற்றிப் பயன்படுத்தினார்கள். 1939இல் முதல் நாளில் ஷெபீல்ட் யுனைட்டட்டின் பிரமோல் லேன் மைதானத்துக்குப் போன லிவர்பூல் அணி, 1946இலும் முதல் நாளில் அதே மைதானத்துக்குப் போனது. அந்த ஆட்டத்தில் லிவர்பூல் 1–0 என வென்றது.

பார்வைக்கு இது அலுவலக வேலையைச் சுருக்கும் வசதி. ஆனால் அந்த அட்டவணை சொல்லாமல் சொன்ன செய்தி ஒன்று உண்டு: நாம் நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்கிறோம். உண்மையில் அப்படித் தொடர முடிந்ததா என்பது வேறு விடயம்.

திரும்பி வராதவர்கள், திரும்பி வந்தவர்கள்

பொல்டன் வொண்டரர்ஸ் கழகத்தின் அணித்தலைவர் ஹரி கொஸ்லின் 1939 ஏப்ரலில், ஓர் ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் நின்று கூட்டத்தினரைப் பார்த்து, நாட்டுக்காக முன்வாருங்கள் என்று கேட்டார். பிறகு சக வீரர்கள் பலரோடு தானும் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்தார். 1943 டிசம்பரில் இத்தாலியில் அவர் இறந்தார். லிவர்பூலின் முன்னாள் அணித்தலைவர் டொம் கூப்பர் 1940 ஜூனில், இராணுவச் சேவையில் இருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். லண்டனின் ஆர்சனல் கழகம் மட்டும் ஒன்பது வீரர்களை இழந்தது.

திரும்பி வந்தவர்களுக்கும் ஏழு ஆண்டுகள் போயிருந்தன. பொப் பெய்ஸ்லி 1939 மே மாதம் லிவர்பூலில் ஒப்பந்தமானார். வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, லிவர்பூலுக்காகத் தன் முதலாவது லீக் ஆட்டத்தை ஆடியது 1946 செப்ரெம்பரில். அப்போது அவருக்கு வயது 27. பில்லி லிடெல் விமானப்படையில் வழிகாட்டியாகப் பறந்தவர். அவரும் அதே மாதம்தான் முதல் லீக் ஆட்டத்தில் இறங்கினார். அப்போது வயது 24. உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் பத்து என்று வைத்தால், அதில் ஏழைப் போர் எடுத்துக்கொண்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த அட்டவணையாலும் முடியாது.

மைதானங்களின் கதையும் இதுதான். 1941 மார்ச் 11 இரவு ஜேர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளில் மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானம் நாசமானது. போர் முடிந்த பிறகும் அங்கே ஆட முடியவில்லை. பக்கத்து வைரிகளான மன்செஸ்டர் சிற்றியின் மெயின் ரோட் மைதானத்தை ஆண்டுக்கு 5,000 பவுணுக்கும், நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்குக்கும் வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். தங்கள் சொந்த மைதானத்துக்கு அவர்கள் திரும்பியது 1949 ஓகஸ்டில். இன்று உலகத்தின் பணக்காரக் கழகங்களில் ஒன்றாக இருக்கும் அந்தக் கழகம், எட்டு ஆண்டுகள் இடம்பெயர்ந்த கழகமாக இருந்தது.

அந்த மைதானத்துக்கு இழப்பீடு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்ச் சேதங்களுக்கான அரச ஆணைக்குழு, இடிபாடுகளை அகற்ற 4,800 பவுணும், மீளக் கட்ட 17,478 பவுணும் வழங்கியது. அது போதவில்லை, தாமதமாகவும் வந்தது. ஆனாலும் போரில் உடைந்ததற்கு அரசு பொறுப்பேற்கும் என்று ஒரு சட்டமும், விண்ணப்பிக்க ஓர் அலுவலகமும் இருந்தன.

போர் முடிந்த பிறகும் கொன்றது

லீக் தொடங்குவதற்கு முன், 1946 மார்ச் 9இல் ஒரு துயரம் நடந்தது. எஃப்.ஏ. கிண்ணத்தின் காலிறுதி. பொல்டன் நகரின் பேர்ன்டன் பார்க் மைதானத்தில் பொல்டன் வொண்டரர்ஸும் ஸ்டோக் சிற்றியும் மோதின. ஸ்டோக் அணியில் அந்தக் காலத்தின் பெரும் நட்சத்திரமான ஸ்டான்லி மத்தியூஸ் இருந்தார். ஆறு ஆண்டுகள் இப்படியொரு ஆட்டத்துக்கு ஏங்கியிருந்த சனம் திரண்டு வந்தது. கூட்டம் ஏறக்குறைய 85,000 என்று மதிப்பிடப்பட்டது.

ஆனால் மைதானத்தின் ஒரு பகுதி இன்னும் மைதானமாக இருக்கவில்லை. போர்க்காலத்தில் வழங்கல் அமைச்சு களஞ்சியமாக எடுத்துக்கொண்ட பார்வையாளர் அரங்கு அப்போதும் விடுவிக்கப்படவில்லை. அந்தப் பக்கத்து நுழைவாயில்கள் மூடியிருந்தன. வந்த கூட்டம் முழுவதும் மற்றப் பக்க வாயில்களில் நெருக்கியது. தடுப்புகள் உடைந்தன. 33 பேர் நசுங்கி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்புவது கடினம். உடல்களை ஓரத்தில் கிடத்தி மூடிவிட்டு, மரத்தூளால் புதிய எல்லைக்கோடு போட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தி முடித்தார்கள். போரில் அத்தனை சாவுகளைப் பார்த்த ஒரு சமூகத்துக்குச் சாவு எவ்வளவு சாதாரணமாகிவிட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போருக்காக எடுக்கப்பட்ட இடம், போர் முடிந்த பிறகும் திரும்பக் கொடுக்கப்படாமல் இருப்பது என்ன செய்யும் என்று வலிகாமம் வடக்கின் மக்களுக்கோ, முல்லைத்தீவின் மக்களுக்கோ விளக்கத் தேவையில்லை. பேர்ன்டன் பார்க்கில் அது ஒரே பிற்பகலில் 33 உயிர்களைக் குடித்தது. பல இடங்களில் அது மெதுவாக, கணக்கில் வராமல் நடக்கிறது.

பாணுக்கும் கூப்பன்

1946இன் இங்கிலாந்து, வெற்றி பெற்ற நாடு. ஆனால் வயிறு நிறைந்த நாடு அல்ல. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத பாண், போர் முடிந்தபின், 1946 ஜூலையில் பங்கீட்டுக்குள் வந்தது. உடுப்புக்கும் கூப்பன் வேண்டும் என்பதால் அணிக்கு ஜேர்சி எடுப்பதே சிரமம். நல்ல தோல் கிடைக்காத காலம். 1946, 1947 இரண்டு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தின் நடுவில் பந்து வெடித்தது.

லிவர்பூல் கழகத்தின் தலைவர் பில் மெக்கொனல் உணவு வழங்கல் தொழிலில் இருந்தவர். அவர் ஒரு யோசனை செய்தார். 1946 கோடையில் அணியை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலில் அழைத்துப் போனார். அங்கே பத்து ஆட்டங்கள் ஆடி பத்தையும் வென்றார்கள். ஆனால் அவர் போனதன் முதன்மையான நோக்கம் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால், பழச்சாறு என்று வீட்டில் கிடைக்காததையெல்லாம் வீரர்கள் சில வாரங்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். உடல் எடை கூடித் திரும்பினார்கள். மற்ற அணிகள் பங்கீட்டு உணவில் பருவத்தைத் தொடங்கியபோது, லிவர்பூல் அணிக்கு அந்தப் பலம் கையிருப்பில் இருந்தது. அந்த ஆண்டுப் பட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்தக் கழகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

சனம் மைதானங்களுக்குக் கொட்டியது. அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களைப் பார்த்தவர்களின் மொத்த எண்ணிக்கை 3 கோடி 50 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் வீரர்களுக்குக் கிடைத்த சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1947இல் அது உயர்த்தப்பட்ட பிறகும் வாரத்துக்கு 12 பவுண்தான். கழகங்கள் ஒரு வீரரை விற்க 10,000 பவுணுக்கு மேல் வாங்கின. விற்கப்பட்டவருக்கோ அதில் பங்கு இல்லை.

பனியில் உறைந்த பருவம்

1947 ஜனவரி பிற்பகுதியில் பனி கொட்டத் தொடங்கியது. மார்ச் நடுப்பகுதி வரை விடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கரி நகரவில்லை, புகையிரதங்கள் பனியில் புதைந்தன, மின்சாரம் மணிக்கணக்கில் வெட்டப்பட்டது. தொழிற்சாலைகள் மூடின. பனியை அள்ள ஜேர்மன் போர்க் கைதிகளையும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து இரண்டாவது ஆண்டை நெருங்கியும் அவர்கள் வீடு திரும்பியிருக்கவில்லை.

வார நாட்களில் ஆட்டம் வைத்தால் தொழிலாளர்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்று அரசு நடுவார ஆட்டங்களை நிறுத்தியது. மைதானங்களில் மின்விளக்குகளும் இல்லாத காலம். ஆகவே, தள்ளிப்போன ஆட்டங்களுக்கு இருந்த ஒரே வழி பருவத்தை நீட்டுவதுதான். ஏப்ரல் இறுதியில், மே தொடக்கத்தில் முடிய வேண்டிய லீக் ஜூன் நடுப்பகுதி வரை இழுபட்டது. அவ்வளவு பிந்தி ஒரு பருவம் முடிவது கொவிட் பெருந்தொற்று வந்த 2020 வரை மறுபடி நடக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்ற முடிவை அவர்கள் எடுக்கவில்லை. 1939இல் ஒரு முறை அழித்த பருவத்தை மறுபடி அழிக்க மனம் வரவில்லை போலும். முதற்பிரிவின் 22 கழகங்களும் 42 ஆட்டங்களை ஆடியே தீரவேண்டும் என்று நின்றார்கள்.

எலுவன்குளத்துக்கு இது விளங்கும். மழைக்காலத்தில் கலா ஓயா பெருகினால் புத்தளம்–மன்னார் பழைய வீதியின் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது ஆட்டம் மட்டுமல்ல, பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் தள்ளிப்போகும். தள்ளிப்போனதைப் பிறகு யாராவது நடத்துவார்களா, அல்லது மறந்துவிடுவார்களா என்பதுதான் கேள்வி.

நான்கு கழகங்கள், இரண்டு புள்ளிகள்

அந்தக் காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. புள்ளிகள் சமமானால் கோல் சராசரி பார்ப்பார்கள். அதாவது போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுப்பார்கள்.

லிவர்பூலின் பலம் முன்வரிசை. நியூகாசில் கழகத்திலிருந்து 12,500 பவுணுக்கு வந்த அல்பேர்ட் ஸ்டபின்ஸை, லிவர்பூலும் அதே நகரத்து எவர்டனும் ஒரே நாளில் கேட்டிருந்தன. எந்தக் கழகத்தோடு முதலில் பேசுவது என்று அவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். ஜக் பால்மர் நவம்பரில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஹட்ரிக் போட்டார். இருவரும் லீக்கில் தலா 24 கோல்கள்.

ஆனால் அது சீரான அணியாக இருக்கவில்லை. செப்ரெம்பரில் செல்சிக்கு எதிராக 7–4 என வென்றவர்கள், சில நாட்களில் மன்செஸ்டர் யுனைட்டட்டிடம் 5–0 எனத் தோற்றார்கள். டிசம்பரில் சொந்த மைதானத்தில் வுல்வர்ஹம்ப்டன் வொண்டரர்ஸிடம் 5–1 என அடிவாங்கினார்கள். அன்று வுல்வ்ஸின் டெனிஸ் வெஸ்ட்கொட் நான்கு கோல்கள் போட்டார். அந்தப் பருவத்தில் அவர் போட்ட லீக் கோல்கள் 38.

மன்செஸ்டர் யுனைட்டட்டைப் பொறுப்பேற்றிருந்தவர் மட் பஸ்பி. போருக்கு முன் லிவர்பூலில் ஆடியவர். சொந்த மைதானம் இல்லாத ஓர் அணியை அவர் பட்டத்துக்கு அருகில் கொண்டுவந்தார். ஸ்டோக் சிற்றி பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த வீரர்களைக் கொண்ட அணி. மட்பாண்டத் தொழிலாளர்களின் நகரம் அது. ஸ்டான்லி மத்தியூஸுக்கும் முகாமையாளர் பொப் மெக்ரோரிக்கும் ஒத்துவரவில்லை. பட்டப் போட்டி உச்சத்தில் இருந்தபோதே, 1947 மே மாதம், 11,500 பவுணுக்கு மத்தியூஸ் பிளக்பூலுக்கு விற்கப்பட்டார். அப்போது அவருக்கு 32 வயது. இனி எவ்வளவு காலம் ஆடப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் 50 வயது வரை லீக்கில் ஆடினார்.

மே 31: சட்டையைப் பிடிக்காத கை

1947 மே 31, கொதிக்கும் வெயில். வுல்வ்ஸின் மொலினோ மைதானத்தில் வுல்வ்ஸும் லிவர்பூலும் தமது கடைசி ஆட்டத்துக்கு இறங்கின. மன்செஸ்டர் யுனைட்டட் தன் ஆட்டங்களை முடித்து 56 புள்ளிகளோடு இருந்தது. வுல்வ்ஸும் 56. லிவர்பூல் 55. வென்றால் வுல்வ்ஸ் 58 புள்ளிகளோடு சம்பியன், யாராலும் எட்ட முடியாது. லிவர்பூல் வென்றால் 57. அப்போதும் ஸ்டோக்குக்கு ஓர் ஆட்டம் மீதமிருக்கும்.

பால்மர் முதல் கோலைப் போட்டார். அடுத்து ஸ்டபின்ஸ், உயர அனுப்பப்பட்ட பந்தைத் துரத்தி ஓடினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வுல்வ்ஸின் அணித்தலைவர் ஸ்டான் கலிஸ். தலையில் பட்ட காயங்களால் ஆட்டத்தை விட்டு விலகும்படி மருத்துவர்கள் எச்சரித்த நிலையில், 30 வயதில், அது அவரது கடைசி ஆட்டம். சட்டையைப் பிடித்து இழுத்தால் ஸ்டபின்ஸ் விழுந்திருப்பார். ஒரு தண்டனை உதையோடு போயிருக்கும். கலிஸ் இழுக்கவில்லை. ஸ்டபின்ஸ் கோல் போட்டார். 2–1 என லிவர்பூல் வென்றது. ஏன் இழுக்கவில்லை என்று பின்னர் கேட்டபோது, மோசடியால் பட்டம் வென்றவன் என்று நினைவுகூரப்பட விரும்பவில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள்.

இது அழகான கதை. அழகாக இருப்பதாலேயே அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆறு ஆண்டுகள் எந்த வழியிலாவது வெல்ல வேண்டும் என்று பழக்கப்பட்ட ஒரு தலைமுறை, விதிகளுக்குள் தோற்பதை மறுபடி கற்றுக்கொண்டது என்பதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

ஜூன் 14: மழையில் முடிந்தது

லிவர்பூல் 57 புள்ளிகளோடு இரண்டு வாரங்கள் காத்திருந்தது. ஸ்டோக்கிடம் 55 புள்ளிகள். கடைசி ஆட்டத்தை வென்றால் அவர்களும் 57. அப்போது கோல் சராசரி பார்க்க வேண்டும். அதில் ஸ்டோக் தெளிவாக முன்னணியில் இருந்தது. ஆகவே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றாலே பட்டம் அவர்களுக்கு.

ஆட்டம் ஷெபீல்டின் பிரமோல் லேனில். 1940 டிசம்பர் குண்டுவீச்சில் சேதமான மைதானம். மழை, சேறு. ஷெபீல்ட் யுனைட்டட்டுக்கு அந்த ஆட்டத்தில் பட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் முதல் முறையாக இறக்கப்பட்ட 38 வயது ஜக் பிக்கரிங் ஆரம்பத்திலேயே கோல் போட்டார். ஸ்டோக்கின் அலெக்ஸ் ஓர்ம்ஸ்டன் சமப்படுத்தினார். இடைவேளைக்குப் பிறகு வோல்டர் ரிக்கெட் இரண்டாவது கோலைப் போட்டார். 2–1. ஸ்டோக் தோற்றது.

அதே பிற்பகல் லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் எவர்டனுடன் உள்ளூர்க் கிண்ண இறுதியாட்டம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கையில் ஒலிபெருக்கியில் செய்தி வந்தது. ஆரவாரத்தில் மீதி ஆட்டத்தை யாரும் கவனிக்கவில்லை.

கடைசி நிலை இது:

லிவர்பூல் – 57 புள்ளிகள் (கோல்கள் 84–52)
மன்செஸ்டர் யுனைட்டட் – 56 (95–54)
வுல்வர்ஹம்ப்டன் வொண்டரர்ஸ் – 56 (98–56)
ஸ்டோக் சிற்றி – 55 (90–53)

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு விடயம். மன்செஸ்டர் யுனைட்டட்டின் கோல் சராசரி 1.759, வுல்வ்ஸுக்கு 1.750. அந்த நூலிழையில் யுனைட்டட் இரண்டாமிடம். இன்றைய முறைப்படி கோல் வித்தியாசம் பார்த்தால் வுல்வ்ஸுக்கு 42, யுனைட்டட்டுக்கு 41. வுல்வ்ஸ்தான் இரண்டாமிடம். வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற இன்றைய விதியைப் போட்டால் லிவர்பூல் 82, வுல்வ்ஸ் 81, ஸ்டோக் 79, யுனைட்டட் 78. சம்பியன் மாறாது. ஆனால் இரண்டாமிடத்தில் இருந்த கழகம் நான்காமிடத்துக்குப் போய்விடும். ஆடியது ஒன்றேதான். எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து யார் எங்கே நிற்கிறார் என்பது மாறுகிறது. இழப்புகளை எண்ணும் விதம் பற்றி ஆண்டுக்கணக்காக வாதாடும் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடமும் புதிதல்ல.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஸ்டோக் அவ்வளவு அருகில் இன்றுவரை வரவில்லை. அந்த நகரத்துக்கு முதற்பிரிவுப் பட்டம் ஒருபோதும் கிடைக்கவில்லை.

நமக்கு எது ஒத்துவரும், எது வராது

அவர்களுடைய போரும் நம்முடைய போரும் ஒன்றல்ல. அவர்கள் வெளிநாட்டு எதிரியோடு போரிட்டு வென்றார்கள். போரின் பிறகு அரசும் மக்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். இறந்தவர்களின் பெயர்களை மைதானச் சுவரில் பொறிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இங்கே நினைவுகூர்வதே ஆண்டுதோறும் ஒரு சர்ச்சை. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் திருத்த வேலைக்காக 1999இல் மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அந்த அரங்கு புனரமைக்கப்பட்டு 2016இல் மீளத் திறக்கப்பட்டது. இன்று அங்கே பந்து உருள்கிறது. அடியில் கிடந்தவர்கள் யார் என்ற கேள்வி உருண்டு போகவில்லை.

பழைய அட்டவணையை எடுத்துத் தொடர்வதும் எல்லோராலும் முடியாது. அதற்குப் பழைய கழகங்கள் பழைய ஊர்களிலேயே இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் வந்து தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான். அவர்களுக்கும் ஊரில் மைதானம் இருந்தது, கழகம் இருந்தது, அடுத்த வாரம் ஆட வேண்டிய ஆட்டம் இருந்தது. வன்னியிலிருந்து 2009இல் முகாம்களுக்குப் போனவர்களுக்கும் அப்படியே. முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை வேறு மண்ணில் வேறு கழகத்துக்கு ஆடி வளர்ந்துவிட்டது. அவர்களிடம் போய், நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. எந்த இடம் என்று அவர்கள் கேட்பார்கள்.

ஆனாலும் 1946–47இலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. முதலாவது, மீட்சி என்பது மனத்தெம்பு மட்டுமல்ல, பொருட்களின் விடயம். வயிற்றுக்குச் சாப்பாடு, போக வர வீதி, விடுவிக்கப்பட்ட காணி, உடைந்ததற்கு இழப்பீடு இவை இருந்தபோதுதான் ஆட்டம் ஒழுங்காக நடந்தது. இல்லாத இடத்தில் பேர்ன்டன் பார்க் நடந்தது. விளையாட்டு காயத்தை ஆற்றும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம், மைதானத்தை எப்போது தருவீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தள்ளிப்போனதை நடத்தி முடிக்கும் பிடிவாதம். பனி, கரித் தட்டுப்பாடு, அரச தடை எல்லாவற்றுக்கும் பிறகு, சாதாரணமாக யாரும் உதைபந்தாடாத ஜூன் மாதத்தில் கடைசி ஆட்டத்தை ஆடி, அதன் முடிவை எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் எண்பது ஆண்டுகளை நெருங்கும் நேரத்தில், இங்கே உட்கார்ந்துகொண்டு, பிரமோல் லேனில் யார் கோல் போட்டார் என்று சொல்ல முடிகிறது.

குருநகர், நாவாந்துறை, மன்னார் கரையோரம், முல்லைத்தீவு, புத்தளம் என்று உதைபந்தாட்டத்தை உயிராகக் கொண்ட ஊர்கள் நம்மிடமும் உண்டு. போருக்கு முன் அங்கே யார் ஆடினார்கள், எந்த ஆட்டம் எந்தத் திகதியில் நின்றுபோனது, அந்த அணியில் இருந்தவர்களில் இப்போது யார் எங்கே என்பது இன்னும் சிலரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு அறுபது, எழுபது வயதாகிவிட்டது. ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பதினொரு பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் போதும். எந்தப் பெயரில் குரல் நிற்கிறதோ, அந்த இடத்திலிருந்து மீதிக் கதை தானாக வரும்.